மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி

அவருக்கு மேடையில் நிற்கவே தெரியாது என்றுதான் முதல்நாள் நினைத்தேன். 2009ஆம் ஆண்டுக் கோடை. சுவிஸில், பாடனிலிருந்து ரயிலில் பத்து நிமிடம் போனால் வருகிற எங்கள் ஊரில், தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருந்த புல்வெளியில், வருடத்தில் ஒரு சனிக்கிழமை ஊர்ச்சனம் கூடிப் பாட்டுவிழா வைப்பார்கள். ட்றக்டர் பெட்டிதான் மேடை. நாங்கள் அங்கே குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு மேசை தருகிறோம், உங்கள் சாப்பாடு கொண்டுவாருங்கள் என்று விழாக்காரர் கேட்டதால் நானும் என் மனுசனும் றோல்ஸும் கடலைவடையும் பொரித்துக்கொண்டு நின்றோம்.

மேடையில் ஐந்து பேர், ஒரேயொரு மைக். புளூகிராஸ் என்றார்கள். அமெரிக்காவின் மலைநாட்டுப் பாட்டாம். வார்த்தை ஒன்றும் விளங்காவிட்டாலும் கால் தன்பாட்டில் தாளம் போடத் தொடங்கிவிட்டது. ஒவ்வொருவராக மைக்குக்குக் கிட்ட வந்து தங்கள் பங்கை வாசித்துவிட்டு விலகினார்கள். பிடில்காரி வந்தால் கித்தார்க்காரர் ஒதுங்கினார், கித்தார்க்காரர் வந்தால் பிடில்காரி ஒதுங்கினாள். எல்லோருக்கும் பின்னால், கூரைக்கம்பியோடு ஒட்டிக்கொண்டு, கட்டம்போட்ட சட்டையும் நரைத்த மீசையுமாக ஒருவர் பாஞ்சோ வைத்துக்கொண்டு நின்றார். வட்டத் தோலுக்கு மேல் ஐந்து கம்பிகள். விரல்களில் உலோக நகம் மாட்டியிருந்தார். விரல் ஓடிய ஓட்டத்துக்கு என் கண் எட்டவில்லை. முகமோ பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற முகம். தன் முறை வந்ததும் முன்னால் வந்தார், மைக்குக்கு இன்னும் இரண்டடி இருக்கும்போதே நின்றார், வாசித்தார். சனம் கைதட்டத் தொடங்கியபோது ஆள் திரும்பவும் கம்பியடியில் நின்றார்.

"இந்தாள் ஏனப்பா ஒளிக்குது?" என்று மனுசனிடம் கேட்டேன்.

"உமக்கென்னத்துக்கு உந்தச் சோலி? வடை கருகுது, பாரும்."

பாட்டு முடிந்து சாப்பாட்டுக்கு வந்தார். வரிசையில் தனக்குப் பின்னால் நின்ற ஒவ்வொருவரையும் முன்னால் விட்டுவிட்டு, அவர் என் மேசைக்கு வந்து சேர்ந்தபோது றோல்ஸ் முடிந்துபோயிருந்தது. உடைந்த வடை இரண்டு கிடந்தது. அதை வாங்கி, நின்ற இடத்திலேயே சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அளவுக்கு மிஞ்சி நல்லவராக இருப்பவர்களைக் கண்டால் எனக்கு அப்படித்தான் வரும். அன்று பின்னேரம் வீட்டுக்குத் திரும்பினால், அதே ஆள் பாஞ்சோப் பெட்டியோடு எங்களுக்கு முன்னால் படியேறுகிறார். எங்கள் மேல்வீட்டுக்காரர்.

எங்கள் கட்டிடத்தில் எட்டு வீடு, நிலக்கீழறையில் ஒரு சலவை மெசின். யாருக்கு எந்த நாள் என்று சுவரில் அட்டவணை தொங்கும். சுவிஸில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. உயிரைக் கேட்டாலும் தருவார்கள், உடுப்புத் தோய்க்கும் நாளைத் தர மாட்டார்கள். எனக்கு விழுந்தது செவ்வாய். கிழமை நாட்களில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு வேலை. படியில் நின்று யாரிடமோ இதைச் சொல்லிப் புலம்பியது அவர் காதில் விழுந்திருக்கிறது. அடுத்தநாள் போய்ப் பார்த்தால் அட்டவணையில் அவருடைய சனிக்கிழமையில் என் பெயர் இருந்தது, செவ்வாயில் அவர் பெயர் இருந்தது. நான் நன்றி சொல்லப் போக, அவர் கதவை அரைவாசி திறந்து, பரவாயில்லை என்று சொல்லி, உள்ளே போய்விட்டார்.

சில கிழமைகள் போக, நான் சலவை அறையில் மெசினுக்குள் உடுப்புப் போட்டுக்கொண்டு நின்றபோது, ஒரு முக்காலியையும் பாஞ்சோவையும் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவர் கதைத்தது ஊர் டொச், சுவிஸ்காரரின் ஜெர்மன். எனக்குள் அது தமிழாகத்தான் விழும், விழுந்தபடியே எழுதுகிறேன்.

"ஃபிரௌ நாக்பரின், உங்கடை மெசின் சுத்தேக்கை நான் ஒரு மூலையிலை இருந்து பழகலாமோ? அந்தச் சத்தத்துக்குள்ளை என்ரை சத்தம் ஒருத்தருக்கும் கேக்காது."

ஃபிரௌ நாக்பரின் என்றால் அயல்வீட்டம்மா. கடைசிவரை என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதுதான். பாஞ்சோவின் முதுகுக்குள் ஒரு பழைய துவாயை அடைத்து சத்தத்தைக் குறைப்பார். மெசின் மெல்லச் சுற்றினால் மெல்ல வாசிப்பார். தண்ணீர் பிழிய வேகம் எடுத்தால் அவருக்கும் வேகம் வந்துவிடும். மெசின் நின்றால், பாட்டின் நடுவில் என்றாலும் சரி, கையைக் கம்பியில் பொத்திக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. காய்ந்த படுக்கைவிரிப்பை மடிக்கும்போது மறுமுனையைப் பிடிப்பது அவர்தான், என் மனுசனைவிட ஒழுங்காகப் பிடிப்பார்.

"மேடையிலை ஏன் எல்லாருக்கும் பின்னாலை போய் நிக்கிறனீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு மைக்தானே. பாஞ்சோ சத்தமான வாத்தியம். சத்தமானது தள்ளி நிக்கவேணும், அப்பத்தான் எல்லாம் ஒரே அளவாய்க் கேக்கும்."

"வாத்தியம் சரி. நீங்கள் அப்பிடிச் சத்தமான ஆள் இல்லையே?"

அவர் யோசித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மெசின் பிழியத் தொடங்கிவிட்டது.

ஊர்த் தீயணைப்புப் படையில் இருந்தார். சுவிஸின் தேசிய நாளான ஓகஸ்ட் முதலாம் தேதி கட்டிடத்து வாசலில் சுவிஸ் கொடி கட்டுவது அவர்தான், சுருக்கம் விழக்கூடாதென்று முதல்நாள் அதை இஸ்திரி போடுவார். பழைய பேப்பரைக் கட்டி வெளியே வைக்கும் நாளில் மற்றவர்களின் கட்டுகளையும் அவிழ்த்து, நூல் இறுக்கி, திரும்பக் கட்டிவைப்பார். சுவிஸ்காரன் என்றால் யார் என்று என் பிள்ளை கேட்டால் அவரைத்தான் காட்டியிருப்பேன்.

அதனால்தான் சில வருடங்கள் கழித்து நாங்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் நிரப்பியபோது, எங்களைத் தெரிந்தவர்கள் நால்வரின் பெயர் கேட்ட இடத்தில், முதலாவதாக அவர் பெயரை எழுதினேன். சொல்லிவிட்டு வருவோம் என்று படிவத்தோடு மேலே போனேன். கண்ணாடி போட்டு முழுவதையும் வாசித்தார்.

"என்னை முதலாவதாய்ப் போடாதேங்கோ. கடைசியிலை போடுங்கோ. போடாமல் விட்டாலும் நல்லம்."

"ஏன்?"

"என்ரை பேராலை உங்களுக்கு ஒரு பிரயோசனமும் வராது."

சொல்லிவிட்டு ஒரு அடி பின்னால் வைத்தார், கதவு சாத்திக்கொண்டது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எங்களோடு சேர்த்துப் பெயர் வருவது அவருக்கு வெட்கமோ? இரண்டு நாள் மண்டையைப் போட்டுக் குழப்பினேன்.

"அந்தாளின்ரை குணம் உமக்குத் தெரியும்தானே. சாப்பாட்டுக்கே கடைசியாய்த்தான் நிக்கும்," என்றார் என் மனுசன்.

"சாப்பாடும் இதுவும் ஒண்டோ?"

நாலாவதாகப் போட்டேன்.

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ஊர்க்கூட்டம் கைதூக்கினால்தான் பிரஜாவுரிமை. பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் கூட்டம். எங்களைப் போல விண்ணப்பித்தவர்களுக்குச் சுவரோரமாக ஒரு வரிசைக் கதிரை போட்டிருந்தார்கள். அவரும் வந்தார். நடுவில் எத்தனையோ கதிரை வெறுமையாகக் கிடக்க, நேரே வந்து, என் பிள்ளைக்கு ஒரு இனிப்பைக் கொடுத்துவிட்டு எங்களுக்குப் பக்கத்தில் இருந்தார். எங்களுக்குத் துணையாக வந்திருக்கிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. எங்கள் முறை வந்ததும் எங்களை வெளியே போகச் சொன்னார்கள். பிள்ளைகளின் விளையாட்டுச் சப்பாத்துகள் அடுக்கியிருந்த நடைபாதையில் நின்றோம். கதவு திறந்தபோது உள்ளே எல்லோரும் கைதட்டினார்கள். நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

அடுத்த கிழமை, எங்களுக்கு முன்பே பிரஜாவுரிமை எடுத்த தமிழர் ஒருவர், அந்த வருடம் பக்கத்து ஊரிலிருந்து எங்கள் ஊருக்குக் குடிவந்திருந்த அண்ணை, சாப்பிட வந்தார். இடியப்பத்தில் சொதியை விட்டுக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி, சொன்னால் கோவிக்கக்கூடாது. உங்கடை மேல்வீட்டுப் பாஞ்சோக்காரர் உங்களுக்குக் கை தூக்கேல்லை."

"சும்மா சொல்லாதேங்கோ, அண்ணை."

"என்ரை ரெண்டு கண்ணாலை பாத்தனான். மண்டபம் முழுக்கக் கை. அவர் சுவரோரத்திலை கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர். அசையேல்லை."

எனக்கு வந்த கொதியைச் சொல்ல முடியாது. பக்கத்தில் வந்திருந்து, என் பிள்ளைக்கு இனிப்பும் கொடுத்து, நான் வெளியே போனதும் கையைக் கட்டிக்கொண்டாரா? படிவத்தில் கடைசியாகப் போடச் சொன்னது இதற்காகத்தானா? அடுத்த சனிக்கிழமை முக்காலியோடு வந்தவரிடம், "எனக்குத் தலையிடி. இனிமேல் இஞ்சை வேண்டாம்," என்றேன்.

"ஓம், விளங்குது," என்றார். முக்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டார்.

ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை. நானும் விடவில்லை, சனிக்கிழமையைத் திருப்பித் தருகிறேன் என்று வீம்புக்குச் சொல்லி அனுப்பினேன். வேண்டாம், வைத்திருங்கள் என்று பதில் வந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் காருக்குள் இருந்து பழகினார். கட்டிடத்துக்கு முன்னால் நிற்கிற அவருடைய சின்ன நீலக் கார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங் இடிக்காமலிருக்க மற்றப் பக்கத்துச் சீட்டில் இருப்பார். மூச்சுப்பட்டுக் கண்ணாடி வெளிறிவிடும், முழங்கை ஆடுவது மட்டும் தெரியும். வெளியே ஒரு சத்தம் வராது. நான் பல்கனியில் நின்று பார்த்து, நல்லாய் வேணும் என்று வாய்விட்டே சொன்னேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. பொய் சொல்லி என்ன, அப்படித்தான் இருந்தது.

அடுத்த கோடை விழாவில் இதைவிட மோசமாக நடந்துகொண்டேன். வாத்தியக்காரர்களுக்கு எங்கள் மேசையிலிருந்து ஒரு தட்டு றோல்ஸ் போவது வழக்கம். அந்த முறை நாலு றோல்ஸ் வைத்து அனுப்பினேன். மேடையில் ஐந்து பேர். தட்டு கைமாறிக் கைமாறி அவரிடம் போனபோது வெறுமையாக இருந்தது. அதை அவர் புல்லில் போடவில்லை. கடதாசித் துண்டால் எண்ணெயைத் துடைத்து, என் மேசைக்கே கொண்டுவந்து தந்து, நன்றி என்றார். குத்திக்காட்டுகிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அதே பஸ்ஸுக்கு நிற்கிற முகம்.

ஊர்க்கூட்டத்துக்கு மேலே அரசாங்கத்தின் பெரிய கந்தோர்களில் அலுவல்கள் முடிந்து எங்கள் கையில் சுவிஸ் கடவுச்சீட்டு வந்தபோது இன்னொரு குளிர்காலம் தொடங்கியிருந்தது. முதல்முறையாக வாக்குச்சீட்டு உறை தபாலில் வந்தது, தடித்த சாம்பல்நிற உறை. கட்டிடத்துத் தபால்பெட்டிகளில் அன்று எல்லாவற்றிலும் அதன் மூலை நீட்டிக்கொண்டு நின்றது. அவருடையதில் இல்லை. தபால்காரர் தவறவிட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் கதையாத ஆளின் கதவைத் தட்டினேன். உதவி செய்யப் போனேனா, வாக்குப் போட எனக்கும் உரிமை இருக்கிறது என்று காட்டப் போனேனா, இரண்டும் இருந்திருக்கும்.

"உங்கடை வாக்குச்சீட்டு வரேல்லை. கந்தோருக்கு அறிவியுங்கோ."

"எனக்கு அது வாறேல்லை, ஃபிரௌ நாக்பரின். எனக்கு வாக்கு இல்லை."

"ஏன் இல்லை?"

"நான் இத்தாலிக்காரன்."

அவருடைய தகப்பன் கட்டிட வேலைக்கு இத்தாலியிலிருந்து வந்தவர். இவர் பிறந்தது பாடனில், படித்தது அந்த உடற்பயிற்சி மண்டபம் இருக்கிற அதே பள்ளிக்கூடத்தில். இத்தாலிக்குச் செத்தவீடுகளுக்கு மட்டும் போய்வந்திருக்கிறார். அறுபது வருடமாக அந்த ஊரில் வெளிநாட்டுக்காரர். ஊர்க்கூட்டத்தில் வாக்கில்லாதவர்களைத் தனியாகச் சுவரோரம் இருத்துவார்கள், கை எண்ணும்போது பிசகு வரக்கூடாதென்று. நாங்கள் இருந்ததும் அந்தக் கதிரைகளில்தான். அவர் எங்களுக்குத் துணைக்கு வந்து இருக்கவில்லை, தன்னுடைய இடத்தில் இருந்திருக்கிறார். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

"நான் உங்களைப் பிழையாய் நினைச்சிட்டன்," என்றேன்.

"எப்ப?"

"போன குளிருக்கை. நீங்கள் காருக்குள்ளை இருந்து…"

"கார் நல்ல இடம். சின்ன இடம்தானே, பாஞ்சோ நல்லாய்க் கேக்கும்."

அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லையா, எல்லாம் தெரிந்துகொண்டு என்னை விட்டுவிட்டாரா? எத்தனை தரம் திருப்பித் திருப்பி யோசித்தாலும் எனக்கு முடிவு கிடைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை முக்காலியோடு வந்தார். படுக்கைவிரிப்பின் மறுமுனையைப் பிடித்தார்.

பிரஜாவுரிமையை ஏன் கேட்கவில்லை என்று அவரிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். முதல்முறை, "கேக்கவேணும் எண்டு தோன்றேல்லை," என்றார். இன்னொருநாள், "அப்பா கேட்டவர். ரெண்டுதரம்," என்றார். மூன்றாம்முறை, "மெசின் துவங்கீட்டுது," என்று வாசிக்கத் தொடங்கிவிட்டார். இதில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது.

அந்த வருடம் விழாப் புல்வெளியில் வீடுகள் கட்ட விடுவதா என்ற கேள்வி ஊர்க்கூட்டத்துக்கு வந்தது. புல்வெளி தப்பவில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பதினொரு கையால் தோற்றது. இன்று அங்கே மூன்று கட்டிடங்கள் நிற்கின்றன, பாட்டுவிழா அதோடு முடிந்தது. கொஞ்சக் காலத்தில் அவரும் வீட்டைக் காலிசெய்தார். நாங்கள் விடுமுறையில் நின்ற கிழமை அது. இத்தாலியில் தமக்கையிடம் போனார் என்கிறார்கள், பக்கத்துப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறார் என்றும் சொல்கிறார்கள். சலவை அறையில் முக்காலி மட்டும் இருந்தது.

கூட்டத்தன்று நான் வாக்கு அட்டையோடு மண்டபத்துக்குள் போனபோது, அவர் சுவரோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அந்தப் புல்வெளியில் முப்பது வருடம் வாசித்தவர். எனக்குப் பொறுக்கவில்லை. நேரே போய் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

"இஞ்சை இருக்காதேங்கோ. இஞ்சை இருந்தால் எண்ணமாட்டினம்."

"பரவாயில்லை. நான் உங்களோடை இருக்கிறன்."

"போங்கோ, ஃபிரௌ நாக்பரின். உங்கடை கை அங்கை தேவை."

சலவை அறையில் ஒரு மூலையைக் கேட்டதை விட்டால், அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் கண்டது அந்த ஒரு தடவைதான். எழும்பிப் போய் நடுவில் இருந்தேன். புல்வெளியைக் காப்பாற்ற விரும்புபவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். கை எண்ணுகிற பெண் பென்சிலும் தாளுமாக வரிசை வரிசையாக வந்தாள். என்னருகில் வந்து நின்றுவிட்டாள்.

"ஒரு கைதான் எண்ணலாம்," என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். என் இரண்டு கையும் மேலே நின்றன. முன்வரிசைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. நான் சுவர்ப்பக்கம் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார், மீசைக்குக் கீழே பல் தெரியச் சிரித்தார். கட்டியிருந்த கையின் விரல்கள் முழங்கைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு கையை இறக்கினேன். இறக்கியது என்னுடையதா அவருடையதா என்று எனக்கு இன்றும் தெரியாது.